டயர் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு: எரிந்தால் என்ன செய்வது, எப்போது ரீசெட் செய்வது?

விளக்கை எப்படி அணைப்பது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலானோர் வருகிறார்கள். அதற்கான பதில் கீழே இருக்கிறது. ஆனால் டயரில் அழுத்தத்தை அளக்காமல் ரீசெட் பொத்தானைத் தொட வேண்டாம். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

கே: டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் குதிரை லாடம் போல ஒரு குறி, நடுவில் ஆச்சரியக்குறி. அது என்ன?

டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும் வடிவம் அது. அடியில் பற்கள் போல இருப்பவை தரையைத் தொடும் பகுதி. ஏதோ ஒரு டயரிலாவது காற்று குறைந்திருக்கிறது என்று கார் சொல்கிறது. எந்த டயர் என்பதைச் சில கார்கள் திரையில் காட்டும். பல கார்கள் விளக்கை மட்டும் எரியவிட்டு, கண்டுபிடிக்கும் வேலையை உங்களிடம் விட்டுவிடும்.

கே: விளக்கு எரிந்தவுடன் காரை நிறுத்திவிட வேண்டுமா?

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, பின்புறம் ஆடுவது போலத் தோன்றினாலோ, தட்தட் என்று சத்தம் கேட்டாலோ, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். இவை எதுவும் இல்லாமல் கார் வழக்கம்போல ஓடினால், வேகத்தைக் குறைத்துக்கொண்டு, திடீர்த் திருப்பங்களைத் தவிர்த்து, காற்று பிடிக்கும் இடம் வரை போகலாம். நடுவில் ஒருமுறை இறங்கி நான்கு டயர்களையும் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. ஆணி குத்தியிருந்தால் பல நேரம் கண்ணுக்கே தெரியும்.

‘நாளை பார்த்துக்கொள்ளலாம்’ என்று நெடுஞ்சாலையில் ஏறுவதுதான் ஆபத்து. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அதனால் உள்ளே வெப்பம் ஏறுகிறது. வேகமும் பாரமும் சேரும்போது அந்த வெப்பமே ரப்பரை உட்புற அடுக்குகளிலிருந்து பிரித்துவிடும். டயர் வெடிப்புகள் பலவற்றின் தொடக்கம் இதுதான். ஈரச் சாலையில் பிடிமானம் குறைவதும் எரிபொருள் கூடுதலாகச் செலவாவதும் தனி.

கே: விளக்கு தொடர்ந்து எரிவதற்கும், மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிவதற்கும் வித்தியாசம் உண்டா?

உண்டு. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இன்ஜினைக் கிளப்பியதிலிருந்து நிலையாக எரிந்தால் காற்று குறைவு. ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை மின்னி, அதன்பின் நிலையாக எரிந்தால், கண்காணிக்கும் அமைப்பே பழுது: ஒரு சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம், சென்சார் இல்லாத சக்கரம் மாட்டப்பட்டிருக்கலாம், சிக்னல் கிடைக்காமல் இருக்கலாம். இந்த இரண்டாவது நிலையில் எவ்வளவு காற்று பிடித்தாலும் விளக்கு அணையாது. அதே சமயம், உண்மையிலேயே காற்று இறங்கினாலும் கார் எச்சரிக்காமல் போகலாம். ஆகவே பழுது தீரும்வரை அழுத்தமானியை மட்டும் நம்புங்கள்.

கே: டயருக்குள் இருக்கும் அழுத்தம் காருக்கு எப்படித் தெரிகிறது?

இரண்டு வழிகள் இருக்கின்றன. ரீசெட் பற்றிய குழப்பம் முழுவதும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

முதலாவது நேரடி முறை. ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும், பெரும்பாலும் வால்வின் அடிப்பகுதியில், ஒரு சிறிய சென்சார் இருக்கும். அதற்குள் அழுத்தத்தை அளக்கும் சில்லு, பேட்டரி, வானொலி அலை அனுப்பும் கருவி எல்லாம் அடக்கம். வட அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்த எண்ணைக் காரின் கணினி தெரிந்து வைத்திருந்தால்தான் பக்கத்துக் காரின் டயரை உங்கள் டயராக எண்ணிக்கொள்ளாது. பேட்டரியைச் சேமிப்பதற்காகக் கார் நிற்கும்போது சென்சார்கள் ஏறக்குறைய உறக்கத்தில் இருக்கும்; சக்கரம் சுழன்று ஓரளவு வேகம் எடுத்த பிறகே முறையாகத் தகவல் அனுப்பத் தொடங்கும்.

இரண்டாவது மறைமுக முறை. இதில் டயருக்குள் எந்தச் சென்சாரும் கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சக்கர வேக சென்சார்களே போதும். காற்று குறைந்த டயர் சற்றுத் தணிந்து உருளும். அதனால் அதே தூரத்தைக் கடக்க மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். அந்த மிகச் சிறிய வித்தியாசத்தைக் கணினி பிடித்துக்கொள்கிறது. புதிய தலைமுறை அமைப்புகள் சக்கரத்தின் அதிர்வையும் சேர்த்து ஆராய்கின்றன. இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு: இதற்கு அழுத்தம் எவ்வளவு என்று தெரியாது. ‘முன்பு இருந்ததுபோல் இல்லை’ என்பது மட்டுமே தெரியும். நான்கு டயர்களிலும் ஒரே அளவில் மெதுவாகக் காற்று இறங்கினால், பழைய மறைமுக அமைப்புகள் எதுவும் சொல்லாமல் இருந்துவிடும்.

கே: என் காரில் எந்த முறை என்று எப்படி அறிவது?

திரையில் நான்கு டயர்களின் அழுத்தமும் தனித்தனி எண்ணாகக் காட்டினால் நேரடி முறை. எண்ணே வராமல் விளக்கு மட்டும் எரிந்து, காரின் மெனுவில் அழுத்தத்தைச் சேமி, அளவைத் திருத்து என்பது போன்ற கட்டளை இருந்தால் பெரும்பாலும் மறைமுக முறை. உலோக வால்வுத் தண்டு நட்டு வைத்துப் பொருத்தப்பட்டிருந்தால் உள்ளே சென்சார் இருக்க வாய்ப்பு அதிகம். ரப்பர் வால்வோடும் சென்சார் வரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. காரோடு வந்த கையேட்டில் ஒரே வரியில் பதில் இருக்கும்.

கே: எவ்வளவு காற்று வைக்க வேண்டும்? டயரிலேயே ஓர் எண் எழுதியிருக்கிறதே?

அந்த எண்ணைப் பின்பற்றாதீர்கள். டயரின் பக்கச்சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். உங்கள் காருக்கு உரியது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கிறது. சில கார்களில் எரிபொருள் மூடியின் உட்புறத்தில் இருக்கும். முன் டயருக்கும் பின் டயருக்கும் வேறு வேறு அளவு இருக்கலாம். இருவர் மட்டும் போகும்போது ஓர் அளவு, குடும்பமும் மூட்டைகளுமாகப் போகும்போது வேறோர் அளவு என்றும் இருக்கலாம்.

அலகுகள் குழப்பினால்: 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. ஆக 2.3 பார் என்று அட்டையில் இருந்தால் சுமார் 33 பி.எஸ்.ஐ.

அட்டையில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது. கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது மிதமான வேகத்தில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது.

கே: குளிர்ந்த காலைகளில் மட்டும் எரிகிறது. கொஞ்ச தூரம் ஓட்டினால் தானே அணைந்துவிடுகிறது. பழுதா?

பழுதில்லை. பள்ளியில் படித்த வாயு விதிதான். அடைபட்ட காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும். 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 33 பி.எஸ்.ஐ. வைத்தீர்கள் என்று கொள்வோம். வெளியே 15 டிகிரிக்கு இறங்கினால், ஒரு துளி காற்றுகூடக் கசியாமலேயே அது 30க்கு வந்துவிடும். தோராயமாக 6 டிகிரிக்கு 1 பி.எஸ்.ஐ. என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதோடு டயர்கள் இயல்பாகவே மாதத்துக்கு 1 முதல் 3 பி.எஸ்.ஐ. வரை இழப்பதும் சேர்ந்துகொள்ளும். ஏற்கெனவே எல்லைக்கருகில் இருந்த டயர் குளிர்ந்த காலையில் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஓடிச் சூடானதும் மீண்டும் மேலே வருகிறது.

விளக்கு அணைந்ததும் விஷயம் தீர்ந்ததாக நினைப்பது தவறு. குளிர்ந்த நிலையில் குறைவாக இருக்கிறது என்றால், குறைவாகத்தான் இருக்கிறது. காலையிலேயே அளந்து, அட்டையில் உள்ள அளவுக்குக் காற்று பிடியுங்கள்.

கே: நீண்ட தூரம் ஓட்டிய பிறகு அளந்தால் அதிகமாகக் காட்டுகிறது. கொஞ்சம் காற்றை வெளியேற்றலாமா?

கூடாது. ஓடும் டயரில் 4, 5 பி.எஸ்.ஐ. ஏறுவது இயல்பு, அட்டையில் உள்ள அளவு அதையும் கணக்கில் கொண்டதுதான். சூட்டில் திறந்துவிட்டால், மறுநாள் குளிர்ந்தபின் அதே டயர் விளக்கை எரியவைக்கும்.

கே: சரி, ரீசெட் செய்வது எப்படி?

முதலில் நான்கு டயர்களையும் குளிர்ந்த நிலையில் அளந்து, சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் செய்யும் எந்த ரீசெட்டும் கேடுதான்.

நேரடி முறைக் கார்களில் பெரும்பாலும் ரீசெட் என்றே ஒன்று தேவைப்படாது. காற்று பிடித்துவிட்டுச் சில நிமிடங்கள் மிதமான வேகத்தில் ஓட்டுங்கள். உறங்கிக்கொண்டிருக்கும் சென்சார்கள் விழித்துப் புதிய அளவை அனுப்பும். விளக்கு தானே அணையும். காற்று பிடித்த இடத்திலேயே நின்றுகொண்டு, அணையவில்லையே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. நேரடி முறையிலும் சில மாடல்களுக்கு ரீசெட் பொத்தான் உண்டு. டொயோட்டாவின் பல மாடல்களில் ஸ்டியரிங்குக்குக் கீழேயோ முன்பக்கப் பெட்டிக்குள்ளோ அது இருக்கும். வண்டி நின்ற நிலையில் இக்னிஷனை ஆன் செய்து, எச்சரிக்கை விளக்கு மெதுவாக மூன்று முறை மின்னும் வரை பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் இருக்கும் அழுத்தத்தைக் கார் அடிப்படை அளவாக எடுத்துக்கொள்ளும்.

மறைமுக முறையில் ரீசெட் கட்டாயம். காற்று பிடித்தாலும், டயரை மாற்றினாலும், முன்னும் பின்னும் இடம் மாற்றினாலும், பாரத்துக்காக அழுத்தத்தைக் கூட்டினாலும், ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் முன்பக்கப் பெட்டிக்குள் இருக்கும் பொத்தான் வழியாகவோ திரையின் மெனு வழியாகவோ செய்யலாம். ஹோண்டாவின் பல மாடல்களில் பொத்தானையோ மெனுவையோ பயன்படுத்தினால் விளக்கு இரண்டு முறை மின்னி, கற்றல் தொடங்கியதை உறுதிப்படுத்தும். அத்துடன் முடிந்துவிடாது. அடுத்து கார் ஓட வேண்டும்; ஹோண்டாவில் இது மொத்தமாக அரை மணி நேர ஓட்டம், ஒரே மூச்சில் ஓட்டத் தேவையில்லை. அந்த நேரத்தில்தான் கணினி ஒவ்வொரு சக்கரமும் எப்படிச் சுற்றுகிறது என்று கற்றுக்கொள்கிறது. கற்று முடிக்கும்வரை எச்சரிக்கையை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது, அளக்காமல் பொத்தானைத் தொட வேண்டாம் என்று சொன்னதற்கான காரணம். அந்தப் பொத்தான் விளக்கை அணைப்பதற்கானது என்பது பொதுவான எண்ணம். உண்மையில், ‘இப்போது இருப்பதுதான் சரியான நிலை’ என்று காரிடம் நீங்கள் சொல்லும் வாக்குமூலம் அது. தட்டில் கல்லை வைத்துவிட்டுத் தராசைப் பூஜ்ஜியமாக்கினால், அதன்பின் நிறுக்கும் ஒவ்வொன்றும் பொய். ஒரு டயர் 24 பி.எஸ்.ஐ.யில் இருக்கும்போது ரீசெட் செய்தால் கார் அதையே இயல்பு என்று ஏற்றுக்கொள்ளும். விளக்கும் சாதுவாக அணைந்துவிடும். அடுத்த எச்சரிக்கை வருவதற்கு அந்த டயர் இன்னும் எவ்வளவு கீழே போக வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கே: காற்றும் சரியாக வைத்தேன், ஓட்டியும் பார்த்தேன். இன்னும் அணையவில்லையே?

வரிசையாகப் பாருங்கள். உங்கள் அழுத்தமானி சரியானதா? காற்று பிடிக்கும் இடங்களில் கீழே விழுந்து, மிதிபட்டு, வெயிலில் கிடக்கும் மானிகள் பல நேரம் ஓரிரு பி.எஸ்.ஐ. தள்ளிக் காட்டும். சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அடுத்து, நான்கையும் அளந்தீர்களா, அல்லது தளர்ந்ததாகத் தோன்றிய ஒன்றை மட்டுமா? சில கார்களில் ஸ்டெப்னிக்குள்ளும் சென்சார் உண்டு. டிக்கியில் மாதக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் அந்த ஐந்தாவது டயரே காரணமாக இருக்கும். இவை எல்லாம் சரியென்றால், விளக்கு தொடக்கத்தில் மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் அது சென்சார் பழுது. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

கே: சில நாட்களில் மறுபடியும் எரிகிறது.

கசிவு. வேறு விளக்கம் தேட வேண்டாம். ஒரே டயரில் திரும்பத் திரும்பக் குறைந்தால் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள்: தரையைத் தொடும் பகுதி முழுவதும், வால்வின் நுனி, வால்வின் அடி, ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு. குமிழி வரும் இடம் கசியும் இடம். வால்வின் உள்ளே இருக்கும் ஊசி தளர்ந்திருந்தால் ஒரு சின்ன முறுக்கில் தீர்ந்துவிடும். பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்திருந்தால் விளிம்பு வழியாகக் கசியும். அதற்குப் பஞ்சர் ஒட்டுவதால் பயனில்லை.

கே: பார்வைக்கு நான்கு டயர்களும் நன்றாகத்தானே இருக்கின்றன?

ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான அழுத்தத்திலும் சற்றுப் பிதுங்கித்தான் இருக்கும். கால் பங்கு காற்று போயிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். காலால் உதைத்துப் பார்ப்பது கனரக லாரிக்காரர்களின் பழைய வழக்கம். காரில் அதனால் தெரிய வருவது எதுவுமில்லை.

கே: டயர்களை முன்பின் மாற்றினேன். இப்போது திரை தவறான டயரைக் காட்டுகிறது.

சென்சாரும் சக்கரத்தோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. காரின் நினைவில் மட்டும் பழைய இடமே இருக்கிறது. முன் இடது டயரில் குறைவு என்று திரை சொல்ல, காற்று இறங்குவது பின் இடது டயரிலாக இருக்கும். சில கார்கள் ஓட ஓடத் தாமே திருத்திக்கொள்ளும். மற்றவற்றுக்கு மறுகற்றல் செய்ய வேண்டும்: ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்ற வரிசையில் ஒவ்வொரு சக்கரத்துக்கருகிலும் சிறு கருவியைப் பிடித்துச் சென்சாரை எழுப்புவார்கள். டயர் மாற்றும் இடத்திலேயே இதைக் கேட்டுச் செய்துகொண்டு வாருங்கள்.

மறைமுக முறையில் வேறொரு தொந்தரவு. தேய்ந்த மூன்று டயர்களோடு புதிதாக ஒன்றை மாட்டினால் சுற்றளவு வேறுபடும். ரீசெட் செய்யாவிட்டால் வீணாக எச்சரிக்கும்.

கே: சென்சார் எத்தனை ஆண்டு உழைக்கும்? பேட்டரியை மட்டும் மாற்றலாமா?

பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள். பேட்டரி உள்ளேயே வைத்து மூடப்பட்டிருப்பதால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டிவரும். ஒன்று தீர்ந்தால் மற்றவையும் அதே வயதுதான். டயரைக் கழற்றும் கூலி ஒவ்வொரு முறையும் ஆகும் என்பதால், எப்படியும் டயர் மாற்றும் நேரத்தில் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

கே: அவசரத்துக்குப் பஞ்சர் திரவம் ஊற்றினேன். சென்சார் கெடுமா?

கெடலாம். திரவம் சென்சாரின் துளையை அடைத்துவிட்டால் அளவு தவறும். பஞ்சர் ஒட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லி, உள்ளே துடைத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். டயரைக் கழற்றும்போது வால்வுப் பக்கம் கவனமாக இருக்கச் சொல்வதும் அவசியம். சென்சார்கள் உடைவது சாலையில் குறைவு, டயர் கழற்றும் கருவியில் அதிகம். வால்வு மூடிக்கும் ஒரு சொல்: அலுமினியத் தண்டுள்ள வால்வில் அழகுக்காக வேறு உலோக மூடி போட்டால் அரித்து ஒட்டிக்கொள்ளும், திறக்கப் போனால் தண்டே முறியும். பிளாஸ்டிக் மூடியே போதும்.

கே: நைட்ரஜன் நிரப்பினால் இந்தத் தொல்லை இருக்காதாமே?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். குளிரில் அழுத்தம் குறைவது இரண்டுக்கும் ஒன்றுபோலவே நடக்கும். நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது, அவ்வளவுதான் லாபம். நைட்ரஜன் போட்ட டயரில் அவசரத்துக்குச் சாதாரணக் காற்று பிடிப்பதில் எந்த ஆபத்தும் இல்லை.

கே: விளக்கு எரியவில்லை என்றால் காற்று சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பகுதி பிரிந்து நேர்ந்த விபத்துகள் அமெரிக்காவில் பெரும் சர்ச்சையாகின. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தின் விளைவாக 2007 செப்டம்பர் முதல் அங்கே புதிய கார்கள் அனைத்திலும் இந்த எச்சரிக்கை கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல். அமெரிக்க விதி கேட்பது, பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறையும்போது எச்சரிக்க வேண்டும் என்பதை. அட்டையில் 32 இருந்தால், 24க்கு வந்த பிறகு எரிந்தாலும் விதிப்படி சரி. 26இல் ஓடும் கார் எந்த விளக்கும் இல்லாமல் டயரின் ஓரங்களைத் தேய்த்துக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறையும் நீண்ட பயணத்துக்கு முன்பும் மானியை வைத்து அளப்பதை இந்த விளக்கு உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

கே: கார் பேட்டரியின் வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையுமா?

அழுத்தம் குறைவாக இருந்தால் மீண்டும் எரியும். நேரமும் வானொலி நிலையங்களும் அழிந்ததுதான் மிச்சமாகும்.

கே: பழைய கார் வாங்கப் போகிறேன். இந்த அமைப்பு வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இக்னிஷனை ஆன் செய்யுங்கள், இன்ஜினைக் கிளப்ப வேண்டாம். மற்ற எச்சரிக்கை விளக்குகளோடு இதுவும் சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். எரிந்து அணைந்தால், நான்கு டயர்களையும் உங்கள் மானியால் அளந்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அளவு குறைவாக இருந்தும் விளக்கு வாய் திறக்கவில்லையென்றால், விற்பவர் உங்கள் வருகைக்குச் சற்றுமுன் பொத்தானை அழுத்தியிருக்கவும் கூடும். டயரைச் சரியாக நிரப்பி, நீங்களே ஒருமுறை ரீசெட் செய்து, சில நாள் ஓட்டிப் பார்த்த பின்பே அந்த அமைப்பை நம்புங்கள்.